வலிக்கு முன்னர் கேட்கும் சத்தம்

இந்த நோர்வே நாட்டுக்கு வந்து சேர்ந்த எங்கள் எல்லோருக்கும் மொழி வகுப்பிலேயே சொல்லித்தரப்படும் ஒரு கதை உண்டு. மீன்பிடியும் கப்பற்றொழிலும் மரத்தொழிலுமாக இருந்த நாட்டின் நிலைமை, 1969 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் வடகடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டதோடு மாறிவிட்டது என்பதே அக்கதை. ஆனால் அந்த எண்ணெயைக் கரைசேர்ப்பதற்குக் கடலின் அடியில் இறங்கிக் குழாய்களைப் பொருத்தியவர்கள் யார் என்பது வகுப்பில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அவர்கள் சுழியோடிகள். நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களாகக் கடலுக்குள் இறங்கியவர்களில் பலர் பிற்காலத்தில் நோயாளிகளாகிப் போனார்கள்.

சுழியோடி ஒருவர் கடலால் ஏறிய பின்னர் அவருடைய இரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் ஓடுகின்றனவா என்று நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டுப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகின்றோம். கடலுக்குள் இறங்காத எங்களுக்கு இது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். ‘நோகவில்லை, ஆகவே ஒன்றுமில்லை’ என்று சொல்லிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறவர்கள்தானே நாங்கள். அந்தச் சொல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை இந்தச் சுழியோடிகளின் கதை நன்றாகக் காட்டுகிறது.

குமிழ் எங்கிருந்து வருகிறது?

நாங்கள் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 78 பங்கு நைதரசன், 21 பங்கு ஒட்சிசன். ஒட்சிசனை உடம்பு செலவழித்துவிடும். நைதரசனால் உடம்புக்கு ஒரு வேலையும் இல்லை. வந்த வழியே வெளியே போய்விடும். தரையில் இருக்கும்வரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை.

கடலுக்குள் இறங்கினால் கணக்கு மாறிவிடுகிறது. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. தரையில் 1 என்றால் 10 மீற்றரில் 2, 30 மீற்றரில் 4. முதுகில் கட்டிய சிலிண்டரிலிருந்து வரும் காற்றும் அதே அமுக்கத்தில்தான் நெஞ்சுக்குள் போகவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரின் பாரத்தை எதிர்த்து மூச்செடுக்கவே முடியாது. அப்படி அமுக்கத்தோடு போகும் நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேருகிறது. ஆழம் கூடக் கூட, நேரம் கூடக் கூட, சேரும் அளவும் கூடுகிறது.

திரும்பி மேலே வரும்போது அமுக்கம் குறைகிறது. கரைந்த நைதரசன் வெளியேற வேண்டும். மெதுவாக ஏறினால் அது இரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து மூச்சோடு போய்விடும். அவசரமாக ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழாகிவிடும். சோடாப் போத்தலின் மூடியைச் சட்டென்று திறந்தால் நுரைத்துக்கொண்டு வருவதும், கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் அடங்கி வருவதும் எல்லோரும் பார்த்ததுதான். இங்கும் அதுவே நடக்கிறது.

இந்தக் குமிழ்கள் மூட்டுகளைத் தாக்கினால் தோளிலும் முழங்காலிலும் தாங்கமுடியாத வலி வரும். முள்ளந்தண்டு நரம்பைத் தாக்கினால் கால்கள் விளங்காமல் போகலாம், சலம் போவது தடைப்படலாம். மூளையைத் தாக்கினால் தலைசுற்று, பேச்சுக் குழறல், மயக்கம். சிலர் இறந்தும் இருக்கிறார்கள். இதனை அமுக்கக் குறைவு நோய் என்று சொல்லலாம்.

முன்னர் வலிதான் அளவுகோல்

இந்த நோயை முதலில் பெருமளவில் அனுபவித்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். 19 ஆம் நூற்றாண்டில் பெரிய பாலங்கள் கட்டும்போது ஆற்றின் அடியில் கெய்சன் எனப்படும் பிரமாண்டமான பெட்டியைக் கவிழ்த்து வைத்து, தண்ணீர் உள்ளே வராதபடி அமுக்கக் காற்றை அடைத்து, அதற்குள் ஆட்களை இறக்கி மண் வெட்டச் செய்தார்கள். நியூயோர்க் நகரின் புரூக்ளின் பாலம் அப்படிக் கட்டப்பட்டதுதான். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி ஆகிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடியேறிகள். நாட்கூலி 2 டொலர் அளவில் இருந்தது. நியூயோர்க் பக்கத்துப் பெட்டி ஏறக்குறைய 24 மீற்றர் ஆழத்துக்குப் போனது. வேலை முடிந்து மேலே வந்த பின்னர்தான் அவர்கள் வலியால் துடித்தார்கள். அங்கே கடமையாற்றிய வைத்தியர் அன்ட்ரூ சிமித் 110 நோயாளர்களைப் பதிவு செய்தார். கட்டுமானத்தின் தலைமைப் பொறியியலாளர் வொஷிங்ரன் றோப்ளிங்கையும் 1872 இல் இந்த நோய் படுக்கையில் விழுத்தியது. அவருடைய மனைவி எமிலி கணவனின் கட்டளைகளைக் கொண்டுபோய்ச் சொல்லி வேலையை நடத்தினார். பாலம் 1883 இல் திறக்கப்பட்டது.

பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி போல் பேர்ட் 1878 இல் வெளியிட்ட பெரிய நூலில், இதற்குக் காரணம் நைதரசன் குமிழ்களே என்று காட்டினார். பின்னர் பிரித்தானியாவில் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்பவர் ஆடுகளை அமுக்க அறைக்குள் விட்டுப் பரிசோதித்தார். வெளியே வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் அதற்கு வலி என்று கணக்கு. இப்படிப் பார்த்து, ஒரேயடியாக மேலே வராமல் இடையிடையே நின்று நின்று ஏறவேண்டும் என்ற முறையை வகுத்து, எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் நிற்கவேண்டும் என்று 1908 இல் அட்டவணையும் வெளியிட்டார். கடற்படைகள் அதை ஏற்றுக்கொண்டன. அதனால் எத்தனையோ உயிர்கள் காப்பாற்றப்பட்டன.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. அட்டவணை சரியா பிழையா என்று அறிவதற்கு இருந்த ஒரே வழி, யாருக்காவது வருத்தம் வருகிறதா என்று பார்ப்பது. ஆடாக இருந்தாலும் மனிதனாக இருந்தாலும் வலி வந்த பின்னர்தான் அட்டவணை திருத்தப்பட்டது. வலி வராதவனின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அமெரிக்கக் கடற்படை வைத்தியர் அல்பேர்ட் பெஹ்ன்கி, வலி ஏதும் காட்டாத ‘மௌனக் குமிழ்கள்’ இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். அவற்றைப் பார்ப்பதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது.

நெஞ்சில் வைத்துக் கேட்டல்

வழி கிடைத்தது 1960களின் பிற்பகுதியில். அம்புலன்ஸ் வண்டி எங்களை நோக்கி வரும்போது அதன் சத்தம் கீச்சென்று உயர்ந்தும், எங்களைக் கடந்து போனவுடன் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? இதற்கான விளக்கத்தை 1842 இல் கிறிஸ்ரியன் டொப்ளர் என்ற ஒஸ்ரிய விஞ்ஞானி எழுதினார். அந்த விதியைக் கொண்டு உடம்புக்குள் ஓடும் இரத்தத்தின் ஓட்டத்தைக் கேட்கலாம். காதுக்குக் கேட்காத நுண்ணிய ஒலியை உள்ளே அனுப்பினால் அது ஓடும் இரத்தத்தில் பட்டு மாறித் திரும்பி வரும். அந்த மாற்றத்தைக் கருவி காதுக்குக் கேட்கும் சத்தமாக்கித் தருகிறது. கர்ப்பிணித் தாய்மாரின் வயிற்றில் மருத்துவிச்சி ஒரு சிறு கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கச் செய்வாரே, அதே வகைக் கருவிதான்.

இரத்தம் மட்டும் ஓடினால் ‘உஷ், உஷ்’ என்ற சத்தம் கேட்கும். இடையில் ஒரு காற்றுக் குமிழ் போனால், காற்று ஒலியை மிகப் பலமாகத் திருப்பி அனுப்புவதால், ‘கிளிக்’ என்றோ குருவி கீச்சிடுவது போலவோ தனிச் சத்தம் ஒன்று கேட்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வைத்தியர் மெரில் ஸ்பென்சரும் அவருடன் வேலை செய்தவர்களும் முதலில் செம்மறியாடுகளிலும் பின்னர் மனிதரிலும் இதைக் கேட்டார்கள்.

பரிசோதனை நடக்கும் விதம் எளிமையானது. சுழியோடி மேலே வந்தவுடன் நெஞ்சின் இடப்பக்கத்தில், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் பெரிய குழாய்க்கு நேரே கருவியை வைப்பார்கள். உடம்பின் எல்லாப் பாகங்களிலிருந்தும் திரும்பி வரும் இரத்தம் அந்த வழியாகத்தான் போகவேண்டும். ஆகவே எந்த மூலையில் உண்டான குமிழும் அந்தச் சந்தியைக் கடந்தாக வேண்டும். முதலில் ஆளைச் சும்மா நிற்கவைத்துக் கேட்பார்கள். பின்னர் முழங்காலை மடித்து இருந்து எழும்பச் சொல்வார்கள். எங்கள் வழக்கில் சொன்னால் பிள்ளையாருக்கு முன்னால் போடும் தோப்புக்கரணம் மாதிரி. தசை அசையும்போது அங்கே ஒட்டிக்கொண்டிருந்த குமிழ்கள் கழன்று இரத்தத்தோடு வரும். சும்மா நிற்கும்போது ஒன்றும் கேட்காதவரிடத்தில் எழும்பியவுடன் குமிழ் மழையாகக் கேட்பதும் உண்டு.

ஒரு தடவை கேட்டால் போதாது. குமிழ்கள் மேலே வந்தவுடன் உச்சத்தில் இருப்பதில்லை. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் இடையில்தான் கூடும். அதனால் 20 நிமிடத்துக்கு ஒரு தடவையாக இரண்டு மணி நேரம்வரை கேட்கவேண்டும் என்பது ஆய்வாளர்கள் இன்று ஏற்றுக்கொண்ட முறை.

கேட்ட சத்தத்துக்கு மதிப்பெண் போட ஸ்பென்சர் 1974 இல் ஓர் அளவுகோலைத் தந்தார். அதில் 0 முதல் 4 வரை ஐந்து படிகள்:

0 – குமிழே இல்லை.
1 – எப்போதாவது ஒரு குமிழ். பெரும்பாலான இதயத் துடிப்புகளில் ஒன்றும் இல்லை.
2 – பல குமிழ்கள். ஆனாலும் பாதிக்குக் குறைவான துடிப்புகளிலேயே கேட்கும்.
3 – ஏறக்குறைய எல்லாத் துடிப்பிலும் குமிழ். இதயத்தின் சத்தம் இன்னும் கேட்கிறது.
4 – இடைவிடாத குமிழ்ச் சத்தம். இதயத்தின் சத்தமே அதற்குள் அமுங்கிப் போகிறது.

எங்கள் உறவினர் ஏராளமானோர் வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரில் இராணுவ ஆய்வு நிலையம் ஒன்று உண்டு. அங்கேயும் பல ஆண்டுகளாக இந்தக் கேட்கும் வேலை நடந்தது. கிஸ்மன், மசுறெல் ஆகிய இருவரின் பெயரால் அழைக்கப்படும் இன்னும் நுணுக்கமான அளவுகோல் ஒன்று 1978 இல் வந்தது. இப்போது காதால் கேட்பதோடு நிற்காமல் ஸ்கான் படத்தில் இதய அறைகளுக்குள் குமிழ்கள் வெள்ளைப் புள்ளிகளாக ஓடுவதைக் கண்ணாலும் பார்க்கிறார்கள். அந்தப் படத்துக்கு மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்றை 1997 இல் எங்கள் நாட்டின் துறொன்ட்ஹெய்ம் நகரத்து ஆய்வாளர்களான எஃப்டெடால், புறுபக் இருவரும் வெளியிட்டார்கள்.

கேட்டதால் மாறியவை

கேட்கத் தொடங்கியவுடன் பலருடைய நித்திரை கலைந்தது. அட்டவணையில் சொன்னபடியே இறங்கி, சொன்னபடியே ஏறி, ஒரு வலியும் இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றவர்களின் நெஞ்சிலும் குமிழ்கள் கேட்டன. பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பியிருந்த அட்டவணை, நினைத்த அளவுக்குப் பாதுகாப்பாக இல்லை. ஸ்பென்சர் 1976 இல் வெளியிட்ட ஆய்வில், குமிழைக் கணக்கில் எடுத்துக் கடலடியில் நிற்கும் நேரத்துக்குப் புதிய எல்லைகளைச் சொன்னார்.

அதன் பலன் இன்று சுழியோடும் எல்லோருடைய கையிலும் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணைப்படி 18 மீற்றர் ஆழத்தில் 60 நிமிடம் நின்றுவிட்டு இடைத்தரிப்பு இல்லாமல் மேலே வரலாம். 30 மீற்றரில் 25 நிமிடம். 1988 இல் பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்காக, டொப்ளர் கருவியால் சோதித்து வெளியிடப்பட்ட பாடி நிறுவனத்தின் அட்டவணையில் அவை 55 நிமிடமாகவும் 20 நிமிடமாகவும் குறைந்தன. ரொறன்ரோ அட்டவணையில் இன்னும் குறைந்து 50 நிமிடமும் 15 நிமிடமும் ஆயின. சில நிமிடம்தானே என்று தோன்றும். அந்தச் சில நிமிடம்தான் ஒருவனுடைய முள்ளந்தண்டுக்கும் சக்கர நாற்காலிக்கும் இடையில் நிற்கிறது.

இன்னொரு மாற்றம் இன்னும் சுவையானது. 1970களில் கலிபோர்ணியாவின் கற்றலீனா தீவில் அன்ட்ரூ பில்மனிஸ் என்பவர் 30 மீற்றர் ஆழத்தில் 25 நிமிடம் இருந்து வந்தவர்களின் குமிழைக் கேட்டார். நேரே மேலே வந்தவர்களுக்கு நிறையக் குமிழ். 3 மீற்றர் ஆழத்தில் வெறும் 2 நிமிடம் நின்றுவிட்டு வந்தபோது குமிழ் பெருமளவு குறைந்துவிட்டது. கொஞ்சம் கூடுதலாக நின்றபோது இன்னும் குறைந்தது. சுழியோடிகள் மேலே வருவதற்கு முன்னர் 5 மீற்றர் அளவில் 3 நிமிடம் தரித்து நிற்கும் வழக்கத்துக்கு இப்படிப்பட்ட ஆய்வுகளே பலம் தந்தன.

துறொன்ட்ஹெய்ம் ஆய்வாளர்கள் 2001 இல் எலிகளில் நடத்திய சோதனையில், உடற்பயிற்சி செய்த எலிகளுக்குக் குமிழ் குறைவாக வந்ததைக் கண்டார்கள். குரோஷியாவில் 2004 இல் மனிதரில் பார்த்தபோது, சுழியோடுவதற்கு ஒரு நாள் முன்னர் நன்றாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் குமிழ் குறைந்திருந்தது. எவருக்கும் வலி வரவிடாமலே இப்படியானவற்றை அறியமுடிகிறது என்பதுதான் இந்த முறையின் பெரிய நன்மை. அந்தக் காலத்தில் இதையெல்லாம் அறிவதற்கு எத்தனை பேர் கால் விளங்காமல் போயிருக்க வேண்டும்!

குமிழ் கேட்டால் வருத்தம் நிச்சயமா?

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். குமிழ் கேட்டவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நான்காம் படிக் குமிழ் கேட்டவர்களிலும் பெரும்பாலோர் ஒரு குறையும் இல்லாமல் வீடு போகிறார்கள். நுரையீரல் ஒரு நல்ல வடி. இரத்தத்தில் வரும் குமிழ்களை அது பிடித்து வைத்து மூச்சோடு வெளியேற்றிவிடும். அதுபோல, ஒரு குமிழும் கேட்காதவருக்கு நோய் வருவது மிக அரிது என்றாலும், வரவே வராது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாது. ஏனென்றால் கருவிக்குக் கேட்பது ஓடும் இரத்தத்திலுள்ள குமிழ் மட்டும். மூட்டுக்குள்ளோ நரம்புக்குள்ளோ உண்டாகி அங்கேயே தங்கிவிட்ட குமிழ் அதற்குக் கேட்காது.

வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் இடையே சிறு துவாரம் முழுவதும் மூடாமல் இருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது எல்லோருக்கும் திறந்திருந்த வழி அது. சாதாரண வாழ்க்கையில் அதனால் பெரும்பாலும் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் குமிழ்கள் நிறைய இருக்கும்போது, அவை நுரையீரல் என்ற வடிக்குப் போகாமல் அந்தத் துவாரத்தால் மறுபக்கம் தாண்டி மூளைக்குப் போய்விடக்கூடும். ஆகவே ஒருவருக்கு ஒன்றும் செய்யாத குமிழ் இன்னொருவருக்கு ஆபத்தாகலாம்.

இதனால் இந்தப் பரிசோதனை ‘உனக்கு வருத்தம், உனக்கு இல்லை’ என்று ஆளுக்கு ஆள் தீர்ப்புச் சொல்வதற்கு ஏற்றதல்ல. பல பேரைக் கேட்டு, அவர்கள் பின்பற்றிய அட்டவணை நல்லதா கெட்டதா என்று தீர்மானிப்பதற்கே அது மிகவும் உதவுகிறது. வேலை செய்கிற ஆளைக் குறை சொல்லாமல் வேலை முறையை நிறுத்துப் பார்க்கும் தராசு என்று இதனைச் சொல்லலாம்.

அட்டவணை யாருடைய கையில்?

இனி வடகடலுக்கு வருவோம். 1965 முதல் 1990 வரையான காலத்தில் நோர்வேயின் கடலில் வேலை செய்தவர்களை முன்னோடிச் சுழியோடிகள் என்று அழைக்கிறார்கள். அவர்கள் பல்வேறு கம்பனிகளுக்காக இறங்கினார்கள். மேலே ஏறுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கவேண்டும் என்ற அட்டவணை கம்பனிக்குக் கம்பனி வேறுபட்டது. சுழியோடி அமுக்கம் குறைந்து வெளியே வரும்வரை கப்பலும் காத்திருக்கும், காசும் செலவாகும். விரைவாக வெளியே எடுக்கும் அட்டவணை வைத்திருந்த கம்பனிக்கு ஒப்பந்தம் எடுப்பது சுலபம். ஆகவே அந்த அட்டவணைகளைப் போட்டிக் கம்பனிகளுக்குத் தெரியக்கூடாத வியாபார இரகசியமாக வைத்துக்கொண்டார்கள். தன்னுடைய உடம்பை எந்த வேகத்தில் மேலே இழுக்கிறார்கள், அது மற்றவர்களுடையதை விட ஆபத்தானதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த உடம்பின் சொந்தக்காரனுக்கே வழியிருக்கவில்லை.

ஆண்டுகள் கழிந்து நரம்புக் கோளாறு, காது கேளாமை, ஞாபக மறதி, மன உளைச்சல் என்று பலர் வேலை செய்ய முடியாத நிலைக்கு வந்தார்கள். நீண்ட போராட்டத்தின் பின்னர் 2004 இல் நோர்வே நாடாளுமன்றம் அவர்களுக்கு விசேட நட்டஈட்டுத் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. அரசாங்கத்துக்குச் சட்டப்படி பொறுப்பு உண்டா என்று கேட்டு நீதிமன்றம் போனவர்கள் 2009 இல் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். அவர்கள் விடவில்லை. ஸ்திராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2013 மார்கழி 5 ஆம் திகதி அங்கே தீர்ப்பு வந்தது. விரைவான அட்டவணைகளால் உடம்புக்கும் உயிருக்கும் வரக்கூடிய ஆபத்தைச் சுழியோடிகள் தாங்களே மதிப்பிடுவதற்கு வேண்டிய தகவல் அவர்களுக்குக் கிடைப்பதை அரசு உறுதி செய்யவில்லை, அது ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 8 ஆம் உறுப்புரையை மீறியது என்று நீதிமன்றம் சொன்னது.

இதை எங்களைப் போன்ற தொழிலாளர்கள் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். ஆபத்தான வேலையே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆபத்தின் அளவு என்ன என்பதை வேலை செய்கிறவனிடமிருந்து மறைக்கக்கூடாது என்றுதான் சொன்னது. குமிழைக் கேட்கும் கருவி கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் போதாது. அது சொன்ன கணக்கு வேலை செய்கிறவனின் காதுக்கும் வந்து சேரவேண்டும்.

ஊர்க் கடலில்

எங்கள் ஊர்க் கடலிலும் இந்த நோய் இருக்கிறது. மன்னார், முல்லைத்தீவு, திருகோணமலைக் கடல்களில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிறார்கள். முன்னோர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு முத்துக் குளித்தார்கள். ஒரு மூச்சில் கரையும் நைதரசன் கொஞ்சம். சிலிண்டர் வந்த பின்னர் கதை வேறு. கரைக்கு அண்மையில் அட்டை குறையக் குறைய மேலும் ஆழத்துக்குப் போகிறார்கள். ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சிலிண்டர்கள். கணக்குப் பார்க்க அட்டவணையோ மணிக்கூட்டு வடிவிலான கணினியோ இல்லாதவர்கள் பலர். நெஞ்சில் கருவி வைத்துக் கேட்க யாரும் இல்லை. கால் விளங்காமல் போன பிறகே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். அமுக்க அறையில் வைத்து விரைவாகச் சிகிச்சை செய்தால் பலர் குணமாவார்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணித்தியாலமும் நட்டம். ஊரில் கடலோடு வாழும் உறவினர் உள்ளவர்கள் தொலைபேசியில் பேசும்போது இதை ஒரு தடவை எடுத்துச் சொன்னால் அது காசு அனுப்புவதற்குச் சமமான உதவி.

எங்கள் பிள்ளைகளுக்கு

இங்கே வளரும் எங்கள் பிள்ளைகள் பனிச்சறுக்குகிறார்கள், மலை ஏறுகிறார்கள். சிலர் சுழியோடவும் பழகுகிறார்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது திருகோணமலையிலோ ஹிக்கடுவவிலோ ஒரு நாள் இறங்கிப் பார்க்க ஆசைப்படுவார்கள். தடுக்க வேண்டியதில்லை. பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியவை சில:

முறையாகப் பயிற்சி தரும் இடத்திலேயே இறங்க வேண்டும். மேலே ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. 5 மீற்றரில் 3 நிமிடத் தரிப்பைக் கைவிடக்கூடாது.

சுழியோடிய அன்றே விமானம் ஏறக்கூடாது. விமானத்துக்குள் அமுக்கம் தரையை விடக் குறைவு, அடங்கியிருந்த குமிழ் மீண்டும் பெருக்கும். ஒரே ஒரு தடவை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணித்தியாலமும், பல தடவையோ பல நாளோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணித்தியாலமும் பொறுக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் பொறுப்பது இன்னும் நல்லது. மாலைதீவில் ஒரு கிழமை சுழியோடியவர்களைத் திரும்பும் விமானத்துக்குள்ளேயே இதயத்தை ஸ்கான் செய்து பார்த்தபோது, ஒரு நாள் பொறுத்த பின்னரும் சிலருக்குக் குமிழ் தெரிந்தது. இங்கே ஃபியோர்டில் இறங்கிவிட்டு உயரமான மலைப்பாதையால் வீடு திரும்புகிறவர்களுக்கும் இந்தக் கவனம் வேண்டும்.

மூட்டு வலி, தோலில் திட்டுத் திட்டான நிறமாற்றம், விறைப்பு, காலில் பலமின்மை, சலம் போகாமை, தலைசுற்று, காரணமில்லாத கடும் களைப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அன்றோ மறுநாளோ வந்தாலும் ‘படுத்தெழும்பினால் சரி’ என்று விட்டுவிடாதீர்கள். உடனே 113 க்கு அழைத்து, சுழியோடிய விடயத்தை முதலிலேயே சொல்லுங்கள். ஒட்சிசன் இருந்தால் கொடுக்க வேண்டும். மீண்டும் தண்ணீருக்குள் இறக்கக்கூடாது.

சுழியோடாத எங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இயந்திரச் சத்தம், இரசாயனப் புகை, குளிரறை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் கை என்று எங்கள் வேலைத்தலங்களிலும் மௌனக் குமிழ்கள் இருக்கின்றன. செவிப்புலன் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் ‘எனக்கு நன்றாகக் கேட்கிறது’ என்று தட்டிக்கழிக்காமல் போங்கள். முடிவை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். பாவிக்கும் திரவத்தின் பெயரையும் அதனால் வரக்கூடிய கெடுதியையும் கேளுங்கள். வேர்னஒம்பூட் என்று அழைக்கப்படும் பாதுகாப்புப் பிரதிநிதி, தொழிலாளர் தங்களுக்குள் தெரிவுசெய்யும் ஆள். அவரிடம் பேசுவது யாரையும் காட்டிக்கொடுப்பதாகாது. மொழி தடுமாறினால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். எங்களுக்கு இந்த நாடு தந்த வேலைக்கு நன்றியாக இருப்பதும், அந்த வேலை எங்கள் உடம்பை என்ன செய்கிறது என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. வடகடலில் இறங்கிய இந்த நாட்டு மக்களே அந்தக் கேள்வியைக் கேட்பதற்காக ஸ்திராஸ்பூர்க் வரை போனார்கள். கேட்கும் உரிமை எங்களுக்கும் இருக்கிறது.